காப்டனுக்கு பேட்ஜ் மட்டும் போதுமா?

பள்ளி விளையாட்டில் மாணவர்களுக்கும் பொறுப்பு வேண்டும்

ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் விளையாட்டுக் காப்டன் ஒருவன் இருக்கிறான். பல பள்ளிகளில் மாணவி காப்டனும் உண்டு.

பள்ளி திறந்த சில நாட்களில், காலை வழிபாட்டுக் கூட்டத்தில் காப்டனின் பெயரைத் தலைமை ஆசிரியர் வாசிப்பார். சட்டையில் பேட்ஜ் குத்துவார். பிள்ளைகள் கை தட்டுவார்கள். விளையாட்டு விழா அன்று காப்டன் கொடி பிடித்து முன்னால் நடப்பான். உறுதிமொழி வாசிப்பான்.

அதற்குப் பிறகு?

பேட்ஜ் பெட்டிக்குள் போய்விடும். எந்தப் பந்து வாங்குவது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்வார்கள். யார் அணியில் இருப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். இந்த வாரம் விளையாட்டு பீரியட் உண்டா, இல்லையா என்பதும் அவர்கள் கையில்தான். காப்டனின் வேலை என்ன? வலை கட்டுவது. சுண்ணாம்புக் கோடு போடுவது. பந்து அறைச் சாவி வாங்கி வருவது. பேர் காப்டன், வேலை எடுபிடி!

இது சரியா? பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய பொறுப்பைக் கொடுக்க முடியாதா? முடியும். கொடுக்கவும் வேண்டும்.

மாணவர்கள் எழுதிய சட்டம்

உலகத்தில் பல கோடிப் பேர் பார்த்து மகிழும் விளையாட்டு ரக்பி. அதன் முதல் சட்டப் புத்தகத்தை எழுதியவர்கள் யார்? பெரிய மனிதர்கள் அல்ல. பள்ளிக்கூடத்து மாணவர்கள்!

இங்கிலாந்தில் ரக்பி என்று ஓர் ஊர். அங்கே ஒரு பழைய பள்ளி. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு வகைக் கால்பந்து ஆடி வந்தார்கள். விதிகள் எல்லாம் வாய்வழியாகவே இருந்தன. ஒருவன் சொல்வதை மற்றவன் மறுப்பான். தகராறு வரும்.

1845-ம் ஆண்டு மேல் வகுப்பு மாணவர்கள் கூடினார்கள். மூன்று மாணவர்களிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அந்த மூவரும் விதிகளை எழுதினார்கள். மொத்தம் 37 விதிகள். மாணவர் கூட்டம் அவற்றை ஒப்புக்கொண்டது. சிறு புத்தகமாக அச்சாகியது.

அந்த மூவரில் ஒருவர் வில்லியம் டெலாபீல்ட் ஆர்னால்டு. அப்போது அவருக்கு வயது 17. அந்தப் பள்ளியில் புகழ் பெற்ற தலைமை ஆசிரியராக இருந்து 1842-ல் மறைந்த தாமஸ் ஆர்னால்டின் மகன் அவர். பிற்காலத்தில் அவர் இந்தியாவுக்கு வந்தார். 1856-ல் பஞ்சாபில் கல்வித் துறையின் இயக்குநர் ஆனார். பந்தாட்டத்துக்குச் சட்டம் எழுதிய பையன் ஒரு மாகாணத்தின் பள்ளிக்கூடங்களையே நடத்தும் பொறுப்புக்கு உயர்ந்தார்!

பையன்கள் எழுதிய சட்டம்தானே, விளையாட்டுத்தனமாக இருந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆணி துருத்திக்கொண்டிருக்கும் பூட்ஸ் போடக் கூடாது என்று ஒரு விதி. எதிரியின் காலில் காயம் படக் கூடாது என்பதற்காக! தகராறு வந்தால் இரண்டு அணித் தலைவர்களும், அல்லது அவர்கள் நியமிக்கும் இருவரும் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று இன்னொரு விதி. விசில் ஊதும் நடுவர் என்று தனியாக ஒருவர் இல்லை. காப்டன்களே நீதிபதிகள்.

கெட்டதும் நடந்தது

ஆனால், அந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

அந்தக் காலத்து ஆங்கிலப் பள்ளிகளில் பெரிய மாணவர்களுக்கு அதிகாரம் அளவுக்கு மீறி இருந்தது. சின்னப் பையன்களை வேலைக்காரர்களைப் போல் ஏவினார்கள். அடித்தார்கள். அழ வைத்தார்கள். அதே ரக்பி பள்ளியில் படித்த தாமஸ் ஹியூஸ் 1857-ல் ஒரு நாவல் எழுதினார். 'டாம் பிரவுனின் பள்ளி நாட்கள்' என்பது அதன் பெயர். சின்னப் பிள்ளைகளை வதைக்கும் முரட்டு மாணவன் ஒருவன் அதில் வருகிறான்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பிள்ளைகளிடம் பொறுப்பைக் கொடுக்கலாம். ஆனால் கேள்வி கேட்க ஆள் இல்லாத அதிகாரத்தைக் கொடுக்கக் கூடாது. பெரியவர்களுக்கே அது ஆகாது. பிள்ளைகளுக்கு எப்படி ஆகும்?

இங்கே வந்த வழக்கம்

காப்டன், ஹவுஸ் என்ற வழக்கங்கள் வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்துப் பள்ளிகளைப் பார்த்து நம் நாட்டுக்கு வந்தவை. பள்ளியை நான்கு அணியாகப் பிரிப்பதும், அணிக்கு ஒரு நிறம் வைப்பதும் அப்படி வந்தவையே.

விளையாட்டைச் சொல்லிக் கொடுக்கவும் பயிற்சி வேண்டும் அல்லவா? அமெரிக்காவிலிருந்து வந்த ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் கல்லூரி அதுதான். அங்கே பயின்றவர்கள் ஊர் ஊராகச் சென்று விளையாட்டு ஆசிரியர்கள் ஆனார்கள்.

1954-ல் இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளை ஒருவன் முதலில் குறுவட்டப் போட்டியில் ஆடுகிறான். வென்றால் மாவட்டம். அதிலும் வென்றால் மாநிலம். பிறகு தேசியப் போட்டி. 14 வயது, 17 வயது, 19 வயது என்று பிரிவுகள் இருக்கின்றன.

ஏணி நன்றாகத்தான் இருக்கிறது. ஏறுகிறவர்கள் பிள்ளைகள். ஆனால் ஏணியை எங்கே சாத்துவது என்று பேசும் இடத்தில் பிள்ளைகள் இல்லை.

யாருக்கு முதலில் தெரியும்?

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் விளையாட்டு பீரியட் கால அட்டவணையில் இருக்கும். மணி அடித்ததும் கணக்கு ஆசிரியர் உள்ளே வருவார். "பாடம் முடியவில்லை" என்பார். பீரியட் போனது. இது யாருக்கு முதலில் தெரியும்? பிள்ளைகளுக்கு.

பந்தில் காற்று நிற்பதில்லை. நீளம் தாண்டும் குழியில் மணல் கெட்டியாகிவிட்டது. விழுந்தால் கணுக்கால் பிசகும். இது யாருக்கு முதலில் தெரியும்? பிள்ளைகளுக்கு.

போட்டி நடக்கும் மைதானத்தில் பெண் பிள்ளைகள் உடை மாற்ற இடம் இல்லை. கழிப்பறைக்குக் கதவு இல்லை. காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். இது யாருக்கு முதலில் தெரியும்? அந்தப் பெண் பிள்ளைகளுக்கு.

இந்தக் கடைசி விஷயம் சின்ன விஷயம் அல்ல. ஒரு தடவை அவதிப்பட்ட பெண் அடுத்த தடவை வரமாட்டாள். "எனக்கு விளையாட்டு வேண்டாம்" என்று சொல்லிவிடுவாள். வீட்டிலும் "நல்லதாகப் போயிற்று" என்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் மைதானத்தை விட்டுப் போகும் பெண் பிறகு அங்கே திரும்பி வருவது அபூர்வம். ஒரு கதவு இல்லாததால் ஓர் ஓட்டக்காரி போய்விடுகிறாள்!

மாணவி காப்டனுக்கு ஒரு நாற்காலி போட்டு, "என்னம்மா குறை?" என்று மாதம் ஒரு தடவை கேட்டிருந்தால், அந்தக் கதவு எப்போதோ வந்திருக்கும்.

விளையாட்டே கொடுத்த உரிமை

"பிள்ளைகளுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பவர்கள் விளையாட்டு விதிகளைப் பார்க்க வேண்டும்.

கைப்பந்தில் ஆட்டக்காரர் எல்லாரும் நடுவரிடம் பேச முடியாது. களத்தில் இருக்கும் காப்டன் பேசலாம். தீர்ப்புக்கு விளக்கம் கேட்கலாம். கிரிக்கெட்டில் டாஸ் வென்றால் மட்டை பிடிப்பதா, பந்து வீசுவதா என்று காப்டன் சொல்கிறான். ஆட்டத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறோம் என்று சொல்லும் அதிகாரமும் அவனுக்கே. 15 வயதுப் பையன் காப்டனாக இருந்தாலும் விதி விதிதான்.

கோட்டுக்கு உள்ளே நடுவரையே கேள்வி கேட்கும் உரிமை உள்ளவன், கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் வாய் மூடி நிற்க வேண்டுமாம். இது என்ன நியாயம்?

1989-ல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை நிறைவேற்றியது. குழந்தைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்று அதன் 12-வது பிரிவு சொல்கிறது. 1992-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது.

பெரியவர்கள் விளையாட்டிலும் இதே மாற்றம் வந்திருக்கிறது. ஒலிம்பிக் கமிட்டி 1981-ல் வீரர்களுக்கென்று ஒரு தனிக் குழு அமைத்தது. 2023-ல் டெல்லியில் மல்யுத்த வீராங்கனைகள் தங்கள் புகாருக்கு நீதி கேட்டுத் தெருவில் உட்கார்ந்தார்கள். நாடே பார்த்தது. 2025-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், விளையாட்டுச் சங்கங்களில் வீரர்கள் குழு இருக்க வேண்டும் என்கிறது.

பெரிய சங்கங்களுக்கு வந்த புத்தி பள்ளிக்கூடத்துக்கும் வர வேண்டும். அடித்தளம் அங்கேதான் இருக்கிறது.

மூன்று பயங்கள்

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் சில பயங்கள் இருக்கின்றன. அவற்றைத் தள்ளிவிட முடியாது.

முதல் பயம்: படிப்புக் கெட்டுவிடும்.

மாதம் அரை மணி நேரக் கூட்டத்தால் எந்தப் படிப்பும் கெடாது. கணக்கு எழுதுவதும், பட்டியல் போடுவதும், நான்கு பேர் முன்னால் எழுந்து பேசுவதும் படிப்பு இல்லையா? சமூக அறிவியல் பாடத்தில் தேர்தல், பஞ்சாயத்து, சட்டசபை எல்லாம் படிக்கிறார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஒரு தடவை ஓட்டுப் போட்டுப் பார்த்தால் பாடம் மனதில் பதியும்.

இரண்டாவது பயம்: கட்டொழுங்கு போய்விடும்.

பொறுப்பு இல்லாத பிள்ளைதான் பந்தை உதைத்துக் கிழிப்பான். அந்தப் பந்தை எண்ணி வாங்கி, எண்ணி உள்ளே வைக்கும் வேலை அவனுடையது என்றால், அவனே காவல்காரன் ஆகிவிடுவான். ஜப்பானில் 1915 முதல் உயர்நிலைப் பள்ளிகளுக்கான பேஸ்பால் போட்டி நடந்து வருகிறது. நாடே திரண்டு பார்க்கும் போட்டி அது. அங்கே பள்ளி ஆட்டக்காரர்களே தங்கள் மைதானத்தை வாரிச் சமன் செய்கிறார்கள். கருவிகளைத் துடைத்து வைக்கிறார்கள். ஒழுங்கு அங்கே பிரம்பால் வரவில்லை. பொறுப்பால் வந்தது.

மூன்றாவது பயம்: தேர்தல் வைத்தால் கோஷ்டி சேரும். சாதி வரும்.

இந்தப் பயம் உண்மையானது. 2023-ல் நாங்குநேரியில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. உடன் படித்த மாணவனையே சில மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழுவை அரசு அமைத்தது. பள்ளிகளில் சாதி வேற்றுமையைப் போக்குவது பற்றி 2024-ல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது.

ஆகவே கண்ணை மூடிக்கொண்டு தேர்தல் வைக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். தேர்தல் இல்லாத பள்ளியில் சாதி இல்லையா? ஆசிரியர் நியமித்தாலும், "அவர் ஆளுக்குக் கொடுத்தார்" என்ற பேச்சு வரத்தானே செய்கிறது? அதற்கு மருந்து ஒளிவு மறைவு இல்லாத முறைதான். ஹவுஸ் பிரிப்பதைச் சீட்டுக் குலுக்கிச் செய்ய வேண்டும். அப்போது எல்லாத் தெருப் பிள்ளைகளும் எல்லா அணியிலும் வருவார்கள். கபடிக் களத்தில் எதிரியைப் பிடிக்க ஏழு பேரும் கை கோத்து நிற்க வேண்டும். பக்கத்தில் நிற்பவனின் கை எந்தத் தெருக் கை என்று பார்த்தால் பாயிண்டு போய்விடும்!

என்ன செய்யலாம்?

செலவு இல்லாமல் எந்தப் பள்ளியும் செய்யக்கூடியவை சில உண்டு.

காப்டனை ஆட்டக்காரர்களே ரகசிய ஓட்டு மூலம் தேர்ந்தெடுக்கட்டும். மாணவருக்கு ஒருவன், மாணவியருக்கு ஒருத்தி. ஒழுங்காகப் பயிற்சிக்கு வருகிறவர்கள் யார் யார் என்று விளையாட்டு ஆசிரியர் முதலில் பட்டியல் போடலாம். போஸ்டர் கூடாது. கோஷம் கூடாது. மிட்டாய் கூடாது. ஓட்டைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே எண்ண வேண்டும். பதவி ஓர் ஆண்டுதான்.

பள்ளியில் விளையாட்டுக் குழு ஒன்று வேண்டும். தலைமை ஆசிரியர், விளையாட்டு ஆசிரியர், ஒரு பெற்றோர், இரண்டு காப்டன்கள், கீழ் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை. இந்தக் கீழ் வகுப்புப் பிள்ளை மிகவும் முக்கியம். பெரிய பிள்ளைகள் மைதானம் முழுவதையும் பிடித்துக்கொண்டால், "எங்களுக்கு இடம் இல்லை" என்று சொல்ல அங்கே ஒரு வாய் வேண்டும். பேசியதை ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். போன மாதம் சொன்னது இந்த மாதம் நடந்ததா என்று அந்த நோட்டு கேட்கும்.

எதைப் பிள்ளைகள் கையில் விடலாம்? மைதானத்தை எந்த வகுப்பு எப்போது பயன்படுத்துவது. எந்தச் சாமான் முதலில் வேண்டும் என்ற பட்டியல். ஹவுஸ் போட்டிகளை நடத்துவது. அதற்கு நடுவராக இருப்பது. சாமான் கணக்கு. இவ்வளவையும் அவர்களால் செய்ய முடியும். நடுவராக விசில் பிடித்துப் பார்த்த பையன் பிறகு நடுவரைத் திட்டமாட்டான்.

எதை விடக் கூடாது? பணத்தில் கையெழுத்துப் போடுவது. தண்டனை கொடுப்பது. இரண்டும் பெரியவர்களிடமே இருக்கட்டும். காப்டன் எந்தப் பிள்ளையையும் அடிக்கவோ, தோப்புக்கரணம் போட வைக்கவோ கூடாது. அப்படிச் செய்தால் அன்றே பேட்ஜைக் கழற்ற வேண்டும்.

அணித் தேர்வு எல்லாருக்கும் தெரியும்படி நடக்க வேண்டும். என்று தேர்வு, என்ன சோதனை என்று முன்னதாகவே போர்டில் எழுதிப் போட வேண்டும். முடிவு ஆசிரியருடையது. ஆனால் "என்னை ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்கும் பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டும். காரணம் தெரிந்த பிள்ளை அடுத்த ஆண்டுக்குப் பயிற்சி செய்வான். காரணம் தெரியாத பிள்ளை மனம் கசந்து போவான்.

வயதைக் குறைத்துக் காட்டி ஆள் இறக்குவது என்ற கெட்ட பழக்கமும் சில இடங்களில் உண்டு. 19 வயதுக்காரனை 17 வயதுப் பிரிவில் விட்டுக் கோப்பை வாங்கினால் என்ன பெருமை? "இப்படி ஜெயிக்க வேண்டாம், சார்" என்று சொல்லும் தைரியம் காப்டனுக்கு வேண்டும். அதைக் கேட்கும் பெருந்தன்மை ஆசிரியருக்கு வேண்டும்.

கடைசியாக, பயிற்சியின்போது யாராவது தவறாக நடந்தால் யாரிடம் சொல்வது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை மைதானத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். இது காப்டனுக்கு மட்டும் உள்ள வேலை அல்ல. எல்லாப் பெரியவர்களுக்கும் உள்ள கடமை.

பெற்றோர் பங்கு

2009-ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. விளையாட்டுச் சாமான் வேண்டும் என்கிறது. அரசுப் பள்ளியில் அமைக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

அந்தக் குழுவில் உட்காரும் பெற்றோர் கட்டிடம், கழிப்பறை, சத்துணவு பற்றிக் கேட்கிறார்கள். நல்லது. கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கட்டும். "வாரத்தில் எத்தனை விளையாட்டு பீரியட்? அது நடக்கிறதா? காப்டனைக் கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று சொல்லட்டும்.

வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. காப்டன் தேர்தலில் தோற்று வந்த பிள்ளையைப் பார்த்து, "உனக்கு எதற்கு இந்த வம்பு?" என்று கேட்கக் கூடாது. "ஜெயித்தவனுக்குக் கை கொடுத்தாயா?" என்று கேட்க வேண்டும்.

முன்பு இந்த நாட்டில் ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும். 1989 முதல் 18 வயது போதும். பள்ளியை விட்டு வெளியே வந்ததும் ஓட்டுச் சீட்டு கைக்கு வந்துவிடுகிறது. அதுவரை ஒரு பொறுப்பும் பார்க்காத பிள்ளை அன்று திடீரென்று எங்கே போய்க் கற்றுக்கொள்வான்?

பதினைந்து வயதில் பந்துக் கணக்கை நேர்மையாக எழுதியவன், பின்னால் ஊர்க் கணக்கையும் நேர்மையாக எழுதுவான். பதினைந்து வயதில் "இந்தக் கழிப்பறைக்குக் கதவு வேண்டும்" என்று எழுந்து நின்று கேட்ட பெண், நாளைக்கு ஊருக்குத் தண்ணீர் கேட்பாள்.

பேட்ஜ் குத்திக் கை தட்டினால் மட்டும் போதாது. காப்டனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவன் சொல்வதையும் அவள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.